சுமையை யார் சுமப்பது?

(பெட்ரோல் எஞ்சின் ஓடிய சிறு இருப்புப் பாதைகளின் வரலாறு)

யூபிலி என்றதும் கொடியேற்றமும், தோரணமும், தேர்ப்பவனியும், வாண வேடிக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. அச்சொல் பிறந்த இடத்தில் அதற்குரிய பொருள் இன்னும் ஆழமானது. ஐம்பதாம் ஆண்டு பிறக்கும்போது எக்காளம் முழங்கும். அடிமைப்பட்டவன் விடுதலை பெறுவான். வறுமையினால் கைமாறிய நிலம் உரியவனிடம் திரும்பும். களைத்த மண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும். லேவியர் ஆகமம் காட்டும் யூபிலி இதுவே. சுருங்கக் கூறின், யூபிலி ஆண்டு என்பது சுமை இறக்கும் ஆண்டு.

ஆகவே, நம் பங்கின் யூபிலி மலரில் சுமையைப் பற்றிய ஒரு வரலாற்றை எழுதுவது பொருத்தமாகுமென எண்ணுகிறேன். பெரிய இரயில்களின் வரலாற்றைப் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் பயணிகளும் பயணச்சீட்டும் நிலையங்களும் இல்லாத சிறு இரயில்களும் உலகில் ஓடின. சுரங்கம், செங்கற்சூளை, மணற்குழி, மர அறுவை ஆலை ஆகியவையே அவற்றின் ஊர்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு அடி அகலம்தான். இந்தச் சிறு பாதைகளில் முதன்முதலாகப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கொண்டு ஓடிய எஞ்சின்கள் யாருடைய சுமையை இறக்கின, யார் தலையில் புதிய சுமையை ஏற்றின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தோளும் குளம்பும்

இரும்புத் தண்டவாளம் வந்த பின்னரும் நெடுங்காலம் அதன்மேல் வண்டிகளை நகர்த்தியவை மனிதனின் தோளும் விலங்கின் குளம்புமே. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் சிறுவரும் சிறுமியரும் இடுப்பில் சங்கிலி கட்டிக்கொண்டு, தவழ்ந்த வண்ணம் கரித்தொட்டிகளை இழுத்தார்கள். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. பிள்ளைகளின் தோளிலிருந்து இறங்கிய சுமை மட்டக் குதிரைகளின்மேல் ஏறியது. 1913ஆம் ஆண்டில் பிரிட்டனின் சுரங்கங்களில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் உழைத்து வந்தன. அவற்றுள் பல, நிலத்தடி இலாயங்களிலேயே வாழ்ந்து, வெயிலை அரிதாகவே கண்டன.

வயல்களிலும் இதே நிலைதான். பிரான்சு நாட்டில் பால் டெகோவில் என்பவர் தம் பண்ணையில் விளைந்த சர்க்கரைக் கிழங்கை, சேற்று நிலத்திலிருந்து வெளியே கொண்டுவர வழியின்றித் தவித்தார். 1875ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஓர் உபாயம் கண்டார். தண்டவாளத்தையும் அதன் குறுக்குச் சட்டங்களையும் ஏணிபோல ஒரே துண்டாகச் செய்து, ஆட்கள் தூக்கிச் சென்று வேண்டிய இடத்தில் பரப்பினார். வேலை முடிந்ததும் சுருட்டிய பாயைப்போல் எடுத்துச் சென்றார். இந்த எளிய பாதை சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவிற்று. பாதை எளிதாகிவிட்டது, இழுப்பதற்கு ஏற்ற எளிய எஞ்சின்தான் இல்லை.

நீராவி எஞ்சின் இருந்ததே என்று கேட்கலாம். நீராவி எஞ்சின் பெரிய வீட்டுச் சமையலைப் போன்றது. பத்துப் பேருக்கானாலும் ஒருவருக்கானாலும் அடுப்பு மூட்டியே ஆக வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் வெகுநேரம் தீ மூட்டிக் கொதிகலனைச் சூடாக்க வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். பல இடங்களில் ஓட்டுநரோடு தீ தள்ளுபவரும் வேண்டும். வண்டி நிற்கும்போதும் அடுப்பு கரியைத் தின்றுகொண்டே இருக்கும். அதன் பொறி பறந்தால் மர ஆலையும் வெடிமருந்துச் சாலையும் என்னவாகும்? அதன் புகை சுரங்கத்தில் அடைத்துக்கொண்டால் தொழிலாளி எங்கே மூச்சு விடுவான்? சிறு தொழிலுக்குச் சிறு எஞ்சின் தேவைப்பட்டது.

கொலோன் மாநகரில் நடந்த இரு வேலைகள்

அந்த எஞ்சினின் இதயம் ஜெர்மனியில், நம் கத்தோலிக்கர் அனைவரும் அறிந்த கொலோன் மாநகரில் உருவாயிற்று. மூவேந்தரின் திருப்பண்டங்களைத் தாங்கி நிற்கும் கொலோன் பேராலயம் 1248இல் தொடங்கப்பட்டு, இடையில் நின்றுபோய், 1842இல் மீண்டும் தொடங்கி, 1880இல் நிறைவெய்தியது. கோபுரங்கள் வானை நோக்கி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ரைன் நதியின் மறுகரையிலுள்ள டாய்ட்ஸ் பகுதியில் மற்றொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது.

நிக்கொலவுஸ் ஓட்டோ என்பவர் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர். தேயிலை, சர்க்கரை போன்ற மளிகைச் சரக்குகளுக்குக் கடை கடையாக ஆர்டர் பிடித்துத் திரிந்த வணிகப் பிரதிநிதி. அவர் 1864இல் ஓய்கன் லாங்கன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து எஞ்சின் தொழிற்சாலை தொடங்கினார். 1876இல் அங்கு நான்கு வீச்சு எஞ்சின் பிறந்தது. எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அதை அமுக்குதல், எரித்துத் தள்ளுதல், கழிவை வெளியேற்றுதல் என்னும் நான்கு வேலைகளையும் ஒரே உருளை முறையாகச் செய்தது. இன்று நம் தெருவில் ஓடும் பெட்ரோல் மோட்டார் சைக்கிளும் அந்த நான்கு வீச்சையே பின்பற்றுகிறது.

ஓட்டோவின் எஞ்சின் முதலில் எரிவாயுவில் ஓடி, அசையாமல் நின்று உழைத்தது. அதைப் பெட்ரோலில் வேகமாக ஓடும் சிறு எஞ்சினாக்கியவர்களுள் முதன்மையானவர், டாய்ட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றி 1882இல் வெளியேறிய காட்லீப் டைம்லர். அவர் 1887இல் தம் எஞ்சினைத் தண்டவாளத்தில் செல்லும் சிறு வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1886இல் ஓட்டோவின் காப்புரிமையை ஜெர்மன் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அது அவருக்குப் பேரிடியாயிற்று. ஆனால் அதன்பின் பட்டறை வைத்திருந்த எவரும் நான்கு வீச்சு எஞ்சின் செய்யலாமென்றாயிற்று. 1890களில் டாய்ட்ஸ் தொழிற்சாலையே தண்டவாள எஞ்சின்களைச் செய்யலாயிற்று.

எண்ணெய் எஞ்சின் தண்டவாளம் ஏறியது

இங்கிலாந்தில் ஹல் நகரத்துப் பிரீஸ்ட்மன் சகோதரர்கள் 1894இல் எண்ணெய் எஞ்சின் ஒன்றைத் துறைமுகத்தில் வண்டிகள் இழுக்கச் சோதித்தனர். 12 குதிரைத்திறன் கொண்ட அது, வேலைக்குப் போதவில்லை. 1896இல் கிராந்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி கம்பெனி, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை வூல்விச் ஆயுதச் சாலைக்கு அனுப்பியது. அங்கே பாதையின் அகலம் 18 அங்குலமே. வெடிமருந்துக்கு நடுவே நீராவி எஞ்சினின் தீப்பொறி எத்துணை ஆபத்து என்பதை எண்ணினால், ஆயுதச் சாலை எண்ணெய் எஞ்சினைத் தேடிய காரணம் விளங்கும். அதற்கு ‘லாக்கெசிஸ்’ என்று பெயரிட்டனர். கிரேக்கப் புராணத்தில் மனிதனின் ஆயுள் நூலை அளந்து கொடுக்கும் தேவதையின் பெயர் அது!

1902இல் மாட்ஸ்லே மோட்டார் கம்பெனி, இலண்டன் டெப்ட்ஃபோர்டு கால்நடைச் சந்தைக்கு 80 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் செய்து கொடுத்தது. அமெரிக்காவில், சுரங்க இயந்திரங்கள் செய்து பழகிய விட்கோம் கம்பெனி 1906இல் சுரங்கத்துக்கான பெட்ரோல் எஞ்சினை உருவாக்கியது. ஒஹையோ மாநிலத்தில் பிளிமத் என்ற சிற்றூர் உண்டு. அங்கே செங்கல் அறுக்கும் இயந்திரங்கள் செய்துவந்த ஃபேட் கம்பெனி, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறு எஞ்சின்கள் செய்ய முற்பட்டு, தன் ஊர்ப்பெயராலேயே அவற்றை உலகறியச் செய்தது. களிமண் குழியிலிருந்து சூளைவரை மண் சுமப்பவன் படும் பாட்டை, செங்கல் இயந்திரம் செய்பவர்களைவிட யார் அறிவார்?

இந்த எஞ்சின்களைச் செய்வது எளிதாயிருக்கவில்லை. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்கும். முன்னும் பின்னும் ஒன்றுபோல் ஓடும். பெட்ரோல் எஞ்சினோ முதலில் சுழன்றாக வேண்டும், பிறகுதான் இழுக்கும். அது ஒரே திசையில்தான் சுழலும். ஆகவே எஞ்சினையும் சக்கரத்தையும் மெல்ல இணைக்கக் கிளட்ச் வேண்டும். பலத்தையும் வேகத்தையும் மாற்றக் கியர் வேண்டும். பின்னோக்கி ஓட்ட வேறு கியர் வேண்டும். கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுகளுக்குப் பலவற்றில் சைக்கிளைப்போல் சங்கிலியே போயிற்று. சக்கரம் வழுக்காதிருக்க இரும்புக் கட்டிகளை ஏற்றி எடையைக் கூட்டினர். மழைநாளில் தண்டவாளத்தில் மணல் தூவினர்.

காலையில் எஞ்சினைக் கிளப்புவதே ஒரு சாகசம். கைப்பிடியை எஞ்சினில் மாட்டி வேகமாகச் சுற்ற வேண்டும். எஞ்சின் சினங்கொண்டு எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஆயினும் கிளப்பிய சில நிமிடங்களில் அது வேலைக்கு ஆயத்தம். நிறுத்தியவுடன் அதன் செலவும் நின்றது. ஓட்டுநர் ஒருவரே போதும். ஞாயிற்றுக்கிழமையில் குதிரைக்குத் தீனி போட வேண்டும். எஞ்சினுக்கு அது வேண்டியதில்லை. நம் முன்னோர் வழிப்போக்கருக்காகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். மேலைநாட்டுக் கூலித் தொழிலாளிக்கு இந்தச் சிற்றெஞ்சின் ஓடுகின்ற சுமைதாங்கியாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத சுமை

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. திறந்த வெளியில் நன்மை செய்த எஞ்சின், சுரங்கத்துக்குள் இறங்கியபோது புதிய ஆபத்தையும் உடன் கொண்டு சென்றது. பெட்ரோல் முற்றும் எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆர்வத்தோடு அதைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின்பு மயக்கம், இறுதியில் மரணம். கண்ணுக்குத் தெரிந்த கரித்தொட்டியின் சுமை இறங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத நஞ்சின் சுமை மூச்சில் ஏறிற்று. கசியும் பெட்ரோல் ஆவியால் தீப்பிடிக்கும் அச்சமும் உடனிருந்தது.

சுரங்கத் தொழிலாளரின் உயிர் அக்காலத்தில் மலிவாயிருந்தது. 1907ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், புனித நிக்கொலாஸ் திருநாளன்று, அமெரிக்காவின் மொனொங்கா சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 362 பேர் மாண்டதாக அரசுக் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் மிகப் பலர் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்கப் போன நம் கத்தோலிக்க சகோதரர்கள். அவ்விபத்துக்குப் பெட்ரோல் எஞ்சின் காரணமன்று. ஆயினும் இத்தகைய பேரிழப்புகளின் விளைவாகவே 1910இல் அமெரிக்க அரசு சுரங்கப் பாதுகாப்புக்கெனத் தனித் துறை அமைத்தது. அத்துறை 1915இல், சுரங்கத்திலுள்ள பெட்ரோல் எஞ்சின்களால் தொழிலாளரின் உயிருக்கும் நலத்துக்கும் நேரும் கேட்டை ஆராய்ந்து தனி நூலே வெளியிட்டது. காற்றோட்டம் போதிய அளவு வேண்டும், எஞ்சினை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்பவையெல்லாம் பேச்சுக்கு வந்தன. ஓர் இயந்திரம் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், அதனருகில் நிற்பவன் என்ன ஆவான் என்றும் மனிதன் கேட்கத் தொடங்கினான்.

போர்க்களத்தின் சிறு தண்டவாளம்

சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலி புனித பார்பராள் என்பதை நாம் அறிவோம். பீரங்கிப் படைவீரர்க்கும் அவளே பாதுகாவலி. சுரங்கத்தில் உழைத்த சிற்றெஞ்சின், அடுத்துப் பீரங்கிகளுக்கு உழைக்கப் போயிற்று.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. 1916இல் பிரான்சின் சோம் நதிக்கரையில் நடந்த பெரும்போரில், குண்டுகளாலும் மழையாலும் சாலைகள் சேறாகிவிட்டன. லாரிகள் புதைந்தன, கோவேறு கழுதைகள் மூழ்கின. அவ்வாண்டில் பிரிட்டிஷ் படையின் போக்குவரத்தைச் சீர்படுத்தும் பொறுப்பு எரிக் கெட்டிஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டு ஆக்ராவில் பிறந்து, இளமையில் வட இந்தியாவின் இரயில் பாதைகளில் வேலை பழகியவர் அவர். அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு பாதைகள் போர்முனை நோக்கி நீண்டன. டெகோவில் தம் கிழங்கு வயலுக்குக் கண்ட உபாயம் இப்போது மரண வயலுக்குப் போயிற்று.

நீராவி எஞ்சின்கள் பின்வரிசையில் ஓடின. முன்வரிசையை நெருங்க அவற்றால் இயலவில்லை. பகலில் அவற்றின் புகையும், இரவில் அடுப்பின் செவ்வொளியும் எதிரியின் பீரங்கிக்கு இலக்குக் காட்டிவிடும். அங்கே தேவைப்பட்டது ‘சிம்ப்ளெக்ஸ்’ என்னும் பெட்ரோல் எஞ்சின். மோட்டார் ரெயில் அண்ட் டிராம்கார் கம்பெனி செய்த அது, இரண்டரை டன் எடையும் 20 குதிரைத்திறனும் உடையது. பெரியது 40 குதிரைத்திறன். அதன் கியர்ப் பெட்டி முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே வேகங்களைத் தந்தது. ஓட்டுநர் குறுக்குவாட்டில் அமர்ந்து, தலையை மட்டும் திருப்பி இருபுறமும் பார்க்கலாம். திரும்ப இடமில்லாத போர்முனையில் அது உயிர் காக்கும் வசதி. எதிரணியில் ஜெர்மனியரும் இதேபோன்ற எஞ்சின்களை ஓட்டினர்.

இரவின் இருளில், விளக்கின்றி, அந்த எஞ்சின்கள் வெடிகுண்டும் உணவும் தண்ணீரும் கொண்டு சென்றன. திரும்பும்போது காலியான வண்டிகளில் காயமுற்றோரைக் கிடத்திக் கொண்டு வந்ததும் உண்டு. சேற்றில் மணிக்கணக்காகத் தூக்குக் கட்டிலில் தவிக்க வேண்டியவன், அந்தச் சிறு இரயிலால் விரைவில் மருத்துவரிடம் சேர்ந்தான். அதே இரயில் அன்று மாலை கொண்டுபோன குண்டுகளோ மறுபக்கத்தில் யாரோ ஒரு தாயின் மகனைக் கிடத்தின. ஒரே எஞ்சின், ஒரே தண்டவாளம். இறக்கிய சுமையும் ஏற்றிய சுமையும் எத்துணை வேறுபட்டவை!

மணல் ஏற்றிய சமாதானம்

1918இல் போர் ஓய்ந்தது. எஞ்சின்களும் தண்டவாளத் துண்டுகளும் மலைபோல் குவிந்து, மலிவு விலைக்கு வந்தன. போர்க்கருவி உழுகருவியாகும் நாளைக் கனவு கண்ட எசாயா இறைவாக்கினரின் நினைவு இங்கே வருகிறது. அக்கனவு முழுதும் நனவாகவில்லை; ஒரு சிறு மூலையிலேனும் பலித்தது.

இங்கிலாந்தில் லேட்டன் பஸர்ட் என்ற ஊரில் நல்ல மணல் கிடைக்கும். போர்க்காலத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த மணல் நின்றதால் இவ்வூர் மணலுக்குக் கிராக்கி ஏறிற்று. மணல் வண்டிகள் ஓடி ஓடிச் சாலைகள் பாழாயின. ஆகவே மணற்குழிக்காரர்கள் போரில் மிஞ்சிய தளவாடங்களைக் கொண்டு இரண்டடிப் பாதை அமைத்தனர். 1919 நவம்பர் 20ஆம் நாள் அது திறக்கப்பட்டது. முதலில் இரு நீராவி எஞ்சின்கள் வாங்கினர், அவை சரிப்படவில்லை. 1921இல் அவற்றை விற்றுவிட்டு, சிம்ப்ளெக்ஸ் பெட்ரோல் எஞ்சின்களையே முற்றிலும் நம்பினர். நீராவியை அறவே விட்டு எண்ணெயில் மட்டும் ஓடிய பிரிட்டனின் முதல் பாதைகளுள் அதுவும் ஒன்று. குண்டு சுமந்த எஞ்சின் இனம் மணல் சுமந்தது. இருளில் பதுங்கி ஓடியது பகலில் தலைநிமிர்ந்து ஓடியது. லாரிகளின் போட்டியால் பின்னாளில் சரக்குக் குறைந்தது. ஆனால் 1968 முதல் தன்னார்வத் தொண்டர்கள் அப்பாதையில் பயணிகளை ஏற்றிச் சென்று, அதை அழியாமல் காத்து வருகின்றனர்.

பெட்ரோல் எஞ்சினின் ஆட்சி நீடிக்கவில்லை. ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய எஞ்சின் படிப்படியாகச் சிறிதாகி, 1930களில் சிறு பாதைகளையும் பிடித்தது. டீசல் எண்ணெய் பெட்ரோலைப்போல் எளிதில் பற்றாது, கார்பன் மோனாக்சைடும் குறைவு, செலவும் குறைவு. அதற்கும் தனக்கே உரிய புகையும் நஞ்சும் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. மின்கல எஞ்சின்களோ சுரங்கத்துக்கு இன்னும் ஏற்றவை என்று கண்டனர். இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையும் முந்தியது விட்டுச்சென்ற சுமையை இறக்கவே முயன்றிருக்கிறது.

வரலாறு கற்பிக்கும் கேள்வி

ஓட்டோ கண்மூடிய 1891ஆம் ஆண்டிலேயே, மே 15ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துத் தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி முதலாளியின் கருவியன்று. அவனுக்கு நியாயமான கூலியும், ஓய்வும், சங்கம் சேரும் உரிமையும் உண்டு என்பது அதன் சாரம். இயந்திரத்தைத் திருச்சபை வெறுக்கவில்லை; இயந்திரத்தருகில் நிற்கும் மனிதனை மறவாதே என்றது. 2025இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதினான்காம் லியோ, அதாவது பதினான்காம் சிங்கராயர் என்று பெயர் ஏற்றபோது, அந்தச் சுற்றுமடலையே முதன்மைக் காரணமாகக் காட்டினார். அன்று நீராவியும் பெட்ரோலும் எழுப்பிய கேள்வியை இன்று சிந்திக்கும் இயந்திரங்கள் எழுப்புகின்றன என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

அந்தக் கேள்வி எளியது: இந்த இயந்திரம் வந்தபின் சுமையை யார் சுமக்கிறார்? சிறுமியின் இடுப்பிலிருந்து குதிரையின் கழுத்துக்கும், குதிரையின் கழுத்திலிருந்து ஓட்டுநரின் நுரையீரலுக்கும் சுமை மாறியதை இச்சிறு வரலாறு காட்டுகிறது. சுமை தானாக மறைவதில்லை. யாரேனும் கேட்டபோதுதான், ஆராய்ந்தபோதுதான், சட்டம் செய்தபோதுதான் அது இறங்கியது.

நம் வீட்டில் புதிய இயந்திரம் வாங்கும்போதும், நம் ஊரில் புதிய தொழிற்சாலை எழும்போதும், இக்கேள்வியை நாம் கேட்போமாக. கொடியும் தோரணமும் விழா முடிந்ததும் இறங்கிவிடும். நம் அருகிலிருக்கும் ஒருவரின் தலைச்சுமையையேனும் இறக்கி வைத்தால், நம் பங்கின் யூபிலி லேவியர் ஆகமம் சொன்ன யூபிலியாகவே விளங்கும். சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர் அதற்கு நமக்கு அருள்புரிவாராக!